ஹவுரா பாலம் எதில் தொங்குகிறது?

பொது அறிவுப் புத்தகம் எதைத் திறந்தாலும் ஹவுரா பாலத்தைப் பற்றி இரண்டு வரி இருக்கும். "இது ஒரு தொங்குபாலம். ஒரு நட்டு போல்ட் கூட இல்லாமல் கட்டப்பட்டது." முதல் வரி முக்கால்வாசி தப்பு. இரண்டாவது வரி சரிதான், ஆனால் அதைப் படித்ததும் நமக்கு வருகிற ஆச்சரியம் தப்பான ஆச்சரியம். அதைவிட வியக்க வேண்டிய விஷயங்கள் அந்தப் பாலத்தில் நிறைய இருக்கின்றன, அவற்றை யாரும் சொல்வதில்லை.

முதலில் தொங்குபாலம் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். இரண்டு கம்பங்களுக்கு இடையே துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியின் பாரத்தால் கயிறு நடுவில் தாழ்கிறது, கம்பங்களை உள்பக்கமாக இழுக்கிறது. கம்பங்கள் சாயாமல் இருக்கக் கயிற்றின் இரு முனைகளையும் வெளிப்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டும். கயிற்றுக்குப் பதில் தடித்த எஃகுக் கேபிள், துணிக்குப் பதில் சாலை என்று வைத்தால் அதுதான் தொங்குபாலம். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் அப்படிப்பட்டது.

ஹவுரா பாலத்தில் அந்தக் கேபிள் கிடையாது. இரண்டு உயரமான கோபுரங்களும், அவற்றிலிருந்து நடு ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு கோடும் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அது தொய்ந்து தொங்கும் கேபிள் போலவே தெரியும். கண்ணை ஏமாற்றுவது அந்தக் கோடுதான். கிட்டே போய்ப் பார்த்தால் அது வளையாத, கனத்த எஃகு. அப்படியானால் அது ஏன் அந்த வடிவத்தில் இறங்குகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாலமே புரிந்துவிடும். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

ஆற்றுக்கு அந்தப்புறம் நின்ற ரயில்

1854-இல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் முதல் வண்டி ஹவுராவிலிருந்து கிளம்பியது. கல்கத்தா நகரமோ ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில். ரயிலில் வருகிற ஆளும் சரக்கும் படகேறித்தான் ஊருக்குள் போக வேண்டும். ஆகவே பாலம் தேவைப்பட்டது.

1874-இல் சர் பிராட்ஃபோர்டு லெஸ்லி என்ற பொறியாளர் அமைத்தது மிதவைப் பாலம். மிதவைகளை வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் போட்ட 1,528 அடி நீளச் சாலை. கப்பல் வந்தால் நடுவில் 200 அடியை அப்படியே விலக்கி வழி விடுவார்கள். அதுவரை மாட்டுவண்டிகளும் ஜனங்களும் இரு கரையிலும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். திறக்கும் முன்பே, அந்த வருடம் மார்ச்சில் ஒரு புயலின்போது எகேரியா என்ற நீராவிக் கப்பல் வந்து மோதி மிதவைகள் சிலவற்றை நொறுக்கியது. ஆனாலும் அது எழுபது வருடம் உழைத்துவிட்டது. (கப்பலுக்காகத் திறக்கும் பாலம் என்றதும் நமக்குப் பாம்பன் நினைவுக்கு வரும். இன்றைய ஹவுரா பாலமும் திறக்கும் என்று சிலர் நினைப்பது இந்தப் பழைய பாலத்தின் கதை கலந்துபோனதால்தான். இது திறக்காது.)

நெரிசல் தாங்காமல் புதுப் பாலம் கட்டுவது பற்றிக் குழுக்கள் கூடிக் கூடிப் பேசின. ஆற்றுக்குள் தூண்களை நட்டு வழக்கமான பாலம் கட்டலாமே என்று தோன்றும். ஹூக்ளி அலையேற்றம் உள்ள ஆறு. கடல் பொங்கும்போது நீர் மேல்நோக்கி வரும், இறங்கும்போது கீழே ஓடும், வண்டலையும் சுமந்துகொண்டே திரியும். நடுவில் தூண்களை நட்டால் ஓட்டம் தடைப்பட்டு மணல் திட்டாகச் சேரும், கப்பலுக்கும் இடைஞ்சல். 1926-இல் பாலத்துக்கான சட்டம் வந்தது. ஆற்றுக்குள் ஒரு தூண் கூட இல்லாத பாலம்தான் வேண்டும் என்று கடைசியில் முடிவானது. ஒரு கோபுரத்துக்கும் மறு கோபுரத்துக்கும் இடையே 1,500 அடி, அதாவது 457 மீட்டர். வடிவமைத்தது லண்டனின் ரெண்டல், பால்மர் அண்ட் டிரிட்டன். கட்டும் ஒப்பந்தம் கிளீவ்லாந்து பிரிட்ஜ் நிறுவனத்துக்கு. 1936-இல் வேலை தொடங்கியது.

இரண்டு ஸ்கேல், ஒரு புத்தகம்

இந்த 457 மீட்டரை எப்படித் தாண்டினார்கள் என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே உயரமுள்ள இரண்டு மேஜைகளை 40 செ.மீ. இடைவெளி விட்டு எதிரெதிரே போடுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு 30 செ.மீ. ஸ்கேலை, 14 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். விழாது. இரண்டு முனைகளுக்கும் நடுவே இப்போது 12 செ.மீ. மிச்சம். அந்த இடத்தில் ஒரு 15 செ.மீ. ஸ்கேலை, இரு முனைகள் மேலும் படும்படி மெதுவாக வையுங்கள். வைத்துக் கையை எடுத்ததும் மூன்றும் கீழே விழும்.

மறுபடி செய்யுங்கள். இந்த முறை, சின்ன ஸ்கேலை வைப்பதற்கு முன், மேஜை மேலிருக்கும் ஸ்கேல்களின் பின்முனையில் ஆளுக்கொரு கனமான புத்தகத்தை வைத்துவிடுங்கள். இப்போது நிற்கும். சின்ன ஸ்கேலின் நடுவில் ஒரு நாணயத்தை வைத்தாலும் நிற்கும்.

ஹவுரா பாலத்தின் அடிப்படை இவ்வளவுதான். வெளியே நீட்டியிருக்கும் ஸ்கேலுக்குப் பெயர் கான்டிலீவர். தமிழில் நெடுங்கை என்கிறார்கள், பொருத்தமான சொல். ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் பெற்று, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் எதுவும் நெடுங்கைதான். வீட்டு பால்கனி, மரக்கிளை, நீட்டிய கை எல்லாம் இதில் சேரும். மேஜை விளிம்பு இருக்கும் இடத்தில் பாலத்தின் கோபுரம். பின்முனைப் புத்தகம் இருக்கும் இடத்தில் நங்கூரம். நடுவில் வைத்த சின்ன ஸ்கேலுக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் 'தொங்கு கண்'. (பாலத்தில் இரு தாங்குமிடங்களுக்கு இடையே உள்ள பகுதியைக் கண் என்பார்கள்.) இரண்டு நெடுங்கைகளின் முனைகளிலிருந்து தொங்குகிற துண்டு என்று அர்த்தம். குழப்பத்தின் முதல் விதை இங்கேதான் விழுகிறது: தொங்குவது பாலம் முழுவதும் அல்ல, நடுத் துண்டு மட்டும்.

இதே விஷயத்தை விளக்க 1887-இல் லண்டனில் பெஞ்சமின் பேக்கர் மனிதர்களையே பாலமாக்கிக் காட்டினார். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் அவர். இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை இருபுறமும் நீட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கக் கைகள் செங்கல் பாரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. உள்பக்கக் கைகளுக்கு நடுவே ஒரு பலகை, அதில் கய்ச்சி வதனபே என்ற ஜப்பானியப் பொறியாளர் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். அந்தப் புகைப்படம் இன்றைக்கும் பாடம் நடத்த உதவுகிறது.

நிஜ அளவுகள்

ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஆற்றின் மேல் நீளும் நெடுங்கை 468 அடி. நடுவில் தொங்கு கண் 564 அடி. 468-ஐ இரண்டு முறையும் 564-ஐ ஒரு முறையும் கூட்டினால் 1,500 வரும். கோபுரத்துக்குப் பின்னால், கரைப்பக்கமாகப் போகும் கை 325 அடி மட்டுமே.

சீசா விளையாடியவர்களுக்கு இங்கே ஏதோ இடிக்கும். முன்கை நீளம், அதன் முனையில் நடுத் துண்டின் பாதி பாரமும் தொங்குகிறது. பின்கையோ குட்டை. அப்படியானால் பின்முனை மேலே தூக்கிக்கொள்ள வேண்டுமே? தூக்கத்தான் பார்க்கிறது. சாதாரணப் பாலத்தின் முனை தரையை அழுத்தும். இந்தப் பாலத்தின் இரு கடைசி முனைகளும் தரையை விட்டு எழும்பத் துடிக்கின்றன. அவற்றைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதுதான் நங்கூரத்தின் வேலை. கூடாரத்தின் முளைக்குச்சி செய்கிற வேலை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பின்கையின் கீழே போகிற சாலை அதில் தொங்கவில்லை, தரையிலிருந்தே தாங்கப்படுகிறது. கரைப்பக்கம் போகிற வண்டியின் பாரம் பின்கைக்கு வராது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வோம். இரு கோபுரங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் முன்னால் ஒரு நீளக் கை, பின்னால் ஒரு குட்டைக் கை. குட்டைக் கைகளின் முனைகள் நிலத்தோடு கட்டப்பட்டிருக்கின்றன, நீளக் கைகளின் நடுவே ஒரு துண்டு தொங்குகிறது. கேபிள் எங்கும் இல்லை.

தோள் வலிக்கும் இடம்

இப்போது அந்தச் சரியும் கோட்டுக்கு வருவோம். ஒரு வாளித் தண்ணீரைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பாருங்கள். எங்கே வலிக்கிறது? விரலிலோ முழங்கையிலோ அல்ல, தோளில். பாரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தோளுக்குக் கஷ்டம். நீட்டிய கையின் முனையில் திருகும் விசை குறைவு, தோளை நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போகும். இந்த விசைக்கு வளைதிருப்பம் என்று பெயர்.

பாலத்தின் தோள் கோபுரம். அங்கே வளைதிருப்பம் உச்சம், ஆகவே எஃகுக் கட்டமைப்பும் அங்கே மிக உயரமாக இருக்க வேண்டும். கோபுரங்கள் சுமார் 280 அடி உயரம். நடு ஆற்றை நோக்கிப் போகப் போகத் தேவை குறைகிறது, உயரமும் குறைகிறது. தொய்ந்த கேபிள் மாதிரி தெரிந்த அந்தக் கோடு, உண்மையில் எந்த இடத்தில் எவ்வளவு வலி என்பதற்கு வரைந்த படம். எனக்கு இந்தப் பாலத்தில் மிகப் பிடித்த விஷயம் இது. அலங்காரத்துக்கென்று ஒரு கோடு கூட வரையாமலே ஓர் அழகு வந்திருக்கிறது.

கட்டமைப்பு முழுக்க முக்கோணங்களாக இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். நான்கு குச்சிகளை ஆணியடித்துச் சதுரமாக்கினால் ஓரத்தில் தள்ளியதும் சரிந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் சரியாது. முக்கோணங்களைக் கோத்துச் செய்யும் இத்தகைய சட்டகத்தை டிரஸ் என்கிறோம். இதில் ஒவ்வொரு கம்பியும் ஒன்று இழுபடும், இல்லை அமுக்கப்படும். நெடுங்கையில் மேல்விளிம்பு இழுபடுகிறது, கீழ்விளிம்பு அமுங்குகிறது. நடுத் துண்டில் இது தலைகீழாகிவிடும், மேலே அமுக்கம், கீழே இழுவை. வாளியைப் பிடித்த கையும், இரு முனையில் தாங்கிய பலகையும் வளையும் விதம் வேறு வேறு அல்லவா.

இரண்டாவது தொங்கல்

இந்தச் சட்டகத்தின் கீழே, ஆற்றுக்கு மேல் சாலை இருக்கிறது. அது சட்டகத்திலிருந்து 39 ஜோடி எஃகுத் தொங்குகம்பிகளால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. நடைபாதையில் போகும்போது வரிசையாகக் கடந்துபோகிற செங்குத்துக் கம்பங்கள் இவைதான். பார்வைக்குத் தூண் மாதிரி இருந்தாலும் இவை சாலையைத் தாங்கவில்லை, மேலிருந்து பிடித்துத் தூக்கியிருக்கின்றன. சாலைக்கு 71 அடி அகலம், இருபுறமும் 15 அடி நடைபாதை.

ஆக, தொங்கல் இரண்டு: கைகளின் முனையில் நடுத் துண்டு, சட்டகத்தின் அடியில் சாலை. இரண்டும் சேர்ந்து யாரையோ 'தொங்குபாலம்' என்று எழுத வைத்துவிட்டன, பிறகு எல்லோரும் பார்த்து எழுதிவிட்டார்கள்.

நடுத் துண்டைக் கைகளோடு இறுக்கமாகப் பிணைக்காமல் தொங்கவிட்டதற்குக் காரணம் உண்டு. எஃகு வெயிலில் நீளும். 457 மீட்டர் எஃகு, வெப்பம் 20 டிகிரி கூடினால் சுமார் 11 செ.மீ. நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் கொடுக்கத்தான் நடுத் துண்டும் கைகளும் சந்திக்கும் இரு இடங்களிலும் விரிவு இணைப்புகள் இருக்கின்றன. ஒரு கரையின் அடித்தளம் சற்றே அமிழ்ந்தாலும் நடுத் துண்டு லேசாகச் சாய்ந்து கொடுக்குமே தவிர, முறுக்கிக்கொண்டு விரிசல் விடாது.

உறைகிணறு இறக்கிய கதை

கல்கத்தா நிற்பது பாறைமேல் அல்ல, வண்டல் களிமண்ணில். அதில் இவ்வளவு கனத்தை எப்படி நிறுத்துவது? நம் ஊர்களில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உறையை மண்மேல் வைத்து உள்ளே இருக்கும் மண்ணை அள்ள அள்ள, உறை தன் கனத்தாலேயே கீழே இறங்கும். மேலே அடுத்த உறையை வைப்பார்கள், மறுபடி அள்ளுவார்கள்.

ஹவுராவிலும் அதே வித்தைதான், அளவுதான் மிரட்டும். கோபுரத்தின் அடியில் இறக்கிய கெய்சன் என்ற பெட்டி ஒன்று சுமார் 55 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். அதற்குள் 21 கிணறுகள். எல்லாக் கிணறுகளிலும் சமமாக மண் அள்ள வேண்டும், ஒரு பக்கம் அதிகமாக அள்ளினால் பெட்டி சாய்ந்துவிடும். கல்கத்தா பக்கம் 31 மீட்டர் ஆழத்துக்கும், ஹவுரா பக்கம் சுமார் 27 மீட்டர் ஆழத்துக்கும் இறக்கினார்கள்.

நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை: அதனால் என்ன?

இப்போது அந்தப் புகழ்பெற்ற இரண்டாவது வரி. நட்டு போல்ட் இல்லை என்றதும் துண்டுகளை ஏதோ மந்திரத்தால் ஒட்டியது போல ஒரு நினைப்பு வருகிறது. ஒட்டியது ரிவெட். ஒரு பக்கம் குமிழ்த்தலை உள்ள உருளை ஆணி அது. அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துத் துளையில் செருகுவார்கள். ஓர் ஆள் தலையை அழுத்திப் பிடிக்க, மறுபக்கம் நீட்டியிருக்கும் முனையை இன்னொருவர் சுத்தியலால் அடித்து அடுத்த குமிழாக்குவார். அடிபடும்போது ஆணி பருத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். ஆறும்போது சுருங்கி இரு தகடுகளையும் கவ்விப் பிடிக்கும். கழற்ற வேண்டுமென்றால் தலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பாலத்தின் கம்பங்களில் வரிசை வரிசையாகப் பெயின்ட் பூசிய அரைக்கோளங்கள் தெரிகின்றனவே, அவைதான்.

அந்தக் காலத்துப் பெரிய எஃகு வேலை எல்லாமே இப்படித்தான் நடந்தது. ஈஃபில் கோபுரத்தில் இருப்பவை 25 லட்சம் ரிவெட்கள். உறுதியான போல்ட்கள் கட்டுமானத்தில் பரவலானது 1950-களுக்குப் பிறகு. ஆகவே 'நட்டு போல்ட் இல்லாமல் ஹவுரா பாலத்தைக் கட்டினார்கள்' என்று வியப்பது, 'தாத்தா கல்யாணத்தில் செல்போன் இல்லாமலே போட்டோ எடுத்தார்கள்' என்று வியப்பது மாதிரி.

போர்க்காலத்து எஃகு

வேலை பாதி நடக்கும்போது இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து எஃகு வருவது நின்றது. பாலத்துக்கு வேண்டிய 26,500 டன்னில் 23,000 டன்னை டாடா நிறுவனம் கொடுத்தது. டிஸ்க்ரோம் என்ற உயர்வலு எஃகை இதற்காகவே உருவாக்கினார்கள். 'வெள்ளைக்காரன் கட்டிய பாலம்' என்று சொல்லும்போது இந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

இரு கரைகளிலிருந்தும் கைகள் ஆற்றின் மேல் வளர்ந்துகொண்டே வந்தன. ஏற்கெனவே கட்டிய பகுதியின் மேலேயே கிரேன் ஊர்ந்து முன்னால் போய் அடுத்த துண்டைப் பொருத்தும். கீழே சாரம் கிடையாது, கப்பல்கள் போய்க்கொண்டே இருந்தன. கனடாவின் கியூபெக் பாலத்தில் 1916-இல் நடுத் துண்டைத் தனியாகச் செய்து ஆற்றிலிருந்து தூக்கும்போது அது நழுவி விழுந்து 13 பேர் இறந்தார்கள். ஹவுராவில் நடுத் துண்டையும் இரு பாதிகளாகக் கைகளின் தொடர்ச்சியாகவே வளர்த்துக்கொண்டுபோய், கடைசி இடைவெளியை 16 ஹைட்ராலிக் ஜாக்கிகள் கொண்டு சேர்த்தார்கள். ஒவ்வொன்றும் 800 டன் திறன். சேர்ந்த பிறகுதான் நடுத் துண்டு தன் வேலையான தொங்கலுக்கு வந்தது.

1943 பிப்ரவரி 3 அன்று பாலம் திறந்தது. சில வாரங்கள் முன்புதான் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டிருந்தன, அதனால் விழா கிழா எதுவும் இல்லை. முதலில் கடந்தது ஒரு தனி டிராம். உலகின் நெடுங்கைப் பாலங்களில் அப்போது இது மூன்றாவது நீளமானது, கியூபெக்கும் ஃபோர்த்தும்தான் முன்னால். 1946-இல் எடுத்த கணக்கில் ஒரு நாளைக்கு 27,400 வாகனங்கள், 1,21,100 பாதசாரிகள், கூடவே 2,997 கால்நடைகள். மூன்றுதானே குறைகிறது என்று மூவாயிரமாக்கிவிடாமல், உள்ளபடியே எழுதிவைத்த குமாஸ்தாவை நினைத்துக்கொள்கிறேன்.

1965-இல் பாலத்துக்கு ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினார்கள். ஊர் வாயில் இன்னும் ஹவுரா பாலம்தான். பாரத்தைக் குறைக்க 1993-இல் டிராமை நிறுத்தினார்கள்.

பக்கத்து வீட்டுப் பாலம்

ஆற்றின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி 1992-இல் திறந்த வித்யாசாகர் சேது நிற்கிறது. அதன் நடுக் கண்ணும் 457 மீட்டர்தான். ஆனால் அங்கே கோபுர உச்சியிலிருந்து விசிறி போல நேர்க்கோட்டில் இறங்கும் கேபிள்கள் சாலையைப் பிடித்திருக்கின்றன. அதையும் தொங்குபாலம் என்றுதான் பலர் சொல்கிறார்கள், கேபிள் தாங்குபாலம் என்பதே சரி. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் மறக்காது: ஒன்றில் எஃகு கை நீட்டுகிறது, மற்றதில் எஃகு கயிறாக இழுக்கிறது.

ஹவுரா பாலத்துக்கு வந்த எதிரிகளில் விசித்திரமானது வெற்றிலை எச்சில். தொங்குகம்பிகள் சாலையைச் சந்திக்கும் அடிப்பாகத்தில் ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் பான், குட்கா மென்று துப்பியதில் அங்கிருந்த பாதுகாப்புத் தகடுகள் அரித்துப்போயின. 6 மி.மீ. இருந்த தகடு சில வருடங்களில் 3 மி.மீ.க்கும் கீழே இறங்கியதாக 2010 வாக்கில் பரிசோதனையில் தெரிந்தது. பராமரிப்பைக் கவனிக்கும் துறைமுகத்தார் கம்பிகளின் கால்களுக்குக் கண்ணாடியிழை உறை போட்டார்கள். நடைபாதையில் போகும்போது குனிந்து பார்த்தால் தெரியும். மேலே எஃகும் ரிவெட்டுமாகப் போகிற கம்பிக்கு, கீழே மட்டும் கழுவினால் கறை போகிற ஒரு சட்டை.